எஸ்போசிட்டோ என்ற பெயர்க்காரர்களோடு பழகியிருக்கிறீர்களா?

காவிரிக்கரை:

இத்தாலியில் இருக்கும் நேப்பிள்ஸுக்குப் படிக்க வந்து இரண்டு வருஷமாகிறது. இந்த ஊர் அடுக்கு வீடுகளில் வீட்டு எண்ணைப் பார்த்து ஆளைத் தேட முடியாது. தெருவாசலை ஒட்டி ஒரு பித்தளைப் பலகை இருக்கும். அதில் அழைப்பு மணிப் பொத்தான்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்த வீட்டாரின் குடும்பப் பெயர். நான் குடிவந்த கட்டடத்தில் பதினான்கு பொத்தான்கள், அதில் மூன்று எஸ்போசிட்டோ. பங்காளிகள் ஒரே கட்டடத்தில் வீடு வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். விசாரித்தால் மூவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எனக்கு அறை கொடுத்திருக்கும் பாட்டியும் அந்த மூவரில் ஒருவர். இங்கே பெண்கள் கல்யாணம் ஆனபிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்கிறார்கள், அதனால் இது அவருடைய அப்பா வழிப் பெயர். ஒருநாள் எனக்கு வரி அடையாள அட்டை வந்தது. அந்த எண்ணின் முதல் மூன்று எழுத்தைக் குடும்பப் பெயரின் மெய்யெழுத்துகளிலிருந்து எடுப்பார்கள். எனக்குக் குடும்பப் பெயர் ஏது? அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைத்தான் எழுதியிருந்தேன். பாட்டியிடம் நம் இனிஷியல் வழக்கத்தை விளக்கினேன். அவர் உள்ளே போய்த் தன் அட்டையை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். எஸ், பி, எஸ் என்று தொடங்கியது. "உன் அட்டையில் உன் அப்பா இருக்கிறார். என் அட்டையில் சுவரில் இருக்கும் ஒரு துவாரம் இருக்கிறது" என்றார்.

அடுத்த ஞாயிறு அந்தத் துவாரத்தைக் காட்டவே என்னை அழைத்துப்போனார். ஃபோர்செல்லா என்ற பழைய பேட்டை. துணி காயும் கொடிகள், மீன் கடை, ஸ்கூட்டர் சத்தம், அதற்கு நடுவே அன்னுன்சியாத்தா என்ற பழைய தேவாலயமும் அதைச் சேர்ந்த ஆதரவற்றோர் இல்லமும். தெருச்சுவரில் ஒரு சிறு திறப்பு. உள்ளே மரத்தால் செய்த உருளை ஒன்று, பக்கவாட்டில் வெட்டித் திறந்தது. அதைச் சக்கரம் என்பார்கள். தெருவிலிருந்து குழந்தையை அதில் வைத்துத் திருப்பினால், திறந்த பக்கம் உள்ளே போய்விடும். உள்ளே இரவும் பகலும் ஆள் இருப்பார்கள். வைத்தவள் முகம் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. எடுத்தவள் முகம் வெளியே நிற்பவளுக்குத் தெரியாது.

எடுத்ததும் குழந்தையைக் கழுவி, ஞானஸ்நானம் கொடுத்து, கழுத்தில் ஈயப் பதக்கம் ஒன்றைக் கட்டுவார்களாம். பிறகு பேரேட்டில் எழுதுவார்கள்: வந்த நாள், நேரம், உத்தேச வயது, உடுத்தியிருந்த துணி, உடம்பில் இருந்த அடையாளம். குடும்பப் பெயர் என்ற இடத்தில் எஸ்போசிட்டோ. லத்தீனில் 'வெளியே வைக்கப்பட்டது' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். கண்காட்சிக்கு எக்ஸ்போ என்கிறோமே, அதற்கும் இதே வேர்தான்.

துவாரம் கைக்குழந்தைக்கு அளவானது. வறுமை முற்றிய காலங்களில் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளையும் எண்ணெய் தடவி அதற்குள் நுழைத்துவிடுவார்கள் என்று பாட்டி தன் பாட்டியிடம் கேட்டதைச் சொன்னார். நான் அந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். மேலே எதுவும் பேசத் தோன்றவில்லை.

1875இல் சக்கரத்தை நிறுத்திவிட்டார்கள். பெயர் நிற்கவில்லை. இத்தாலி முழுக்க ரோஸ்ஸி, ருஸ்ஸோ, ஃபெர்ராரிக்கு அடுத்தபடி எஸ்போசிட்டோதான் என்று பட்டியல்கள் சொல்கின்றன, நேப்பிள்ஸில் அதுவே முதலிடம். இந்தப் பெயர்க்காரர்களோடு யாராவது பழகியிருந்தால் எழுதுங்களேன்.

அர்னோக்கரை:

நான் ஃபுளோரன்ஸ். இங்கே அதே கதைக்கு வேறு பெயர்: இன்னொசெந்தி, மாசற்றவர்கள் என்று பொருள். ஏரோது மன்னன் கொன்ற பச்சிளங் குழந்தைகளை பைபிள் வழக்கில் அப்படிச் சொல்வார்கள். பட்டு வணிகர் சங்கம் பணம் போட்டு 1419இல் புரூனெல்லெஸ்கியை வைத்துக் கட்டத் தொடங்கிய இல்லம் அது. முதல் குழந்தை வந்தது 1445 பிப்ரவரி 5. அன்று புனித ஆகத்தாவின் திருநாள், அதனால் அவளுக்கு ஆகத்தா என்று பெயர் வைத்தார்கள். ஆகத்தா ஸ்மெரால்தா. ஐந்நூற்று எண்பது வருஷம் ஆகியும் இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரியும்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது அழைத்துப் போனேன். முகப்பின் வளைவுகளுக்கு மேலே நீலப் பின்னணியில் வெள்ளைக் குழந்தைகள், ஆந்திரேயா தெல்லா ரோப்பியா செய்த சுடுமண் வட்டங்கள். கழுத்துவரை துணி சுற்றிய குழந்தைகள். அம்மா அண்ணாந்து பார்த்து, "நம்ம ஊர்ல பழம்புடவையைக் கிழிச்சுச் சுத்துற மாதிரியே இருக்கே" என்றார். முகப்பின் ஒரு கோடியில், பிள்ளையை விட்டுச்செல்லும் கம்பி போட்ட சிறு ஜன்னல் இன்னும் இருக்கிறது.

உள்ளே அருங்காட்சியகத்தில் ஒரு சுவர் நிறையச் சின்னச் சின்ன இழுப்பறைகள். இழுத்தால் ஒவ்வொன்றிலும் ஒரு பொருள். பாதியாக வெட்டிய நாணயம். உடைந்த பதக்கம். ஒரு மணி. துண்டுத் துணி. குழந்தையோடு தாய் வைத்துவிட்டுப் போனவை. மறுபாதி அவளிடம் இருக்கும். நிலைமை சீரானதும் அந்தப் பாதியைக் கொண்டுவந்து பொருத்திக் காட்டி, இது என் பிள்ளை என்று கேட்கலாம். அப்படி வந்து கேட்டு வாங்கிப்போனவர்களும் உண்டு. இழுப்பறையில் பாதி நாணயம் இன்னும் கிடக்கிறது என்றால் அந்தத் தாய் வரவில்லை, அல்லது அவள் வந்தபோது பிள்ளை இல்லை. அந்த நாளில் இத்தகைய இல்லங்களில் குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பால் கொடுக்கும் பெண்கள் போதவில்லை, நோய் வந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றியது.

அம்மா நான்கு இழுப்பறை பார்த்தார், ஐந்தாவதைத் திறக்கவில்லை.

எனக்கு இத்தாலிய மொழி சொல்லிக்கொடுத்த டீச்சரின் குடும்பப் பெயர் தெல்யின்னொசெந்தி. 'மாசற்றவர்களின் வீட்டைச் சேர்ந்த' என்று விரித்துச் சொல்லலாம். இவ்வளவு அழகான பெயரா என்று முதல் வகுப்பில் வியந்தேன். அருங்காட்சியகம் போய்வந்த பிறகுதான் கேட்கலாமா கூடாதா என்று தயங்கினேன். அவரே சொன்னார்: "எங்கள் வம்சம் எங்கே தொடங்கியது என்று எங்களுக்குத் தெரியும். நகரத்தில் எத்தனை குடும்பத்துக்கு அது தெரியும்?"

ஆனையிறவான்:

நான் மிலானுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். வந்த புதிசில வீடு துப்புரவாக்கிற வேலைக்கு ஒரு முகவரி தந்தவை. போய்ப் பார்த்தா மணிப் பலகையில 'கொலம்போ' எண்டு கிடக்குது. இத்தாலியில எங்கட கொழும்பையும் அதே எழுத்துகளிலதான் எழுதுறவை. எங்கட நாட்டு ஆக்கள் ஆரோ இருக்கினமாக்கும் எண்டு நினைச்சு மணியடிச்சன். கதவைத் திறந்தது ஒரு வெள்ளைக்கார அம்மா. ஸ்ரீலங்கா எண்டு சொன்னதும், "எங்கட பேரில அங்க ஒரு நகரமே இருக்குதாமே" எண்டு சந்தோசப்பட்டா.

பிறகு ஒன்பது வருஷம் அவவைப் பராமரிச்சது நான்தான். கொலம்போ எண்டால் புறா. மிலான் பெரியாஸ்பத்திரியின்ர சின்னம் புறா. அந்த ஆஸ்பத்திரியோட சேர்ந்த வீட்டில விட்டுட்டுப் போன பிள்ளையளுக்கு 1825 வரைக்கும் கொலம்போ எண்டுதான் பேர் வைச்சவை எண்டு அவதான் சொன்னவ. ஆனா எல்லாக் கொலம்போவும் அப்பிடி வந்ததில்லை. புறா வளர்த்த ஆக்களுக்கும் அந்தப் பேர் இருந்திருக்கு. அமெரிக்காவுக்குக் கப்பலோட்டின கொலம்பஸின்ர பேரும் இதுதான், அவர் ஜெனோவாவில ஒரு நெசவுக்காரற்ர மகன்.

நான் ஊரை விட்டு வரேக்க என்ர பிள்ளைக்கு ஒரு வயசு. அம்மாவிட்ட விட்டுட்டு வந்தனான். ஆறு வருஷத்துக்குப் பிறகுதான் கூப்பிட்டன். சக்கரத்தில வைச்ச தாய்மாரைப் பற்றி அந்த அம்மா ஒரு நாளும் குறைவாக் கதைச்சதில்லை. அதால அவவிட்ட என்ர கதையைச் சொல்லேலும் எண்டு நினைச்சன், சொன்னன்.

சொல்தேடி:

பெயர்களைப் பற்றிச் சில விஷயங்கள். ரோமில் இப்படி விடப்பட்டவர்களுக்கு ப்ரொயெத்தி, 'எறியப்பட்டவர்கள்'. பொலோஞ்ஞா பக்கம் தெல்யி எஸ்போஸ்தி. தெற்கே த்ரொவாத்தோ, 'கண்டெடுத்தவன்'. எனக்கு மிகவும் பிடித்தது தியோதல்லெவி: 'கடவுள் உன்னை வளர்க்கட்டும்'. யாரோ ஒரு எழுத்தர் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்து அந்த வாக்கியத்தைப் பெயராக்கியிருக்கிறார்.

நேப்பிள்ஸில் எஸ்போசிட்டோ வைக்கும் வழக்கத்தை நிறுத்தியவர் நெப்போலியனின் மைத்துனர் முரா. அவர் 1808 முதல் 1815 வரை அங்கே அரசர். பெயரைக் கேட்டதுமே பிறப்பு தெரிந்துவிடுகிறது என்பதுதான் காரணம். ஆக, இன்றைக்கு இருக்கும் எஸ்போசிட்டோக்களில் பெரும்பாலோரின் மூதாதை இருநூறு வருஷத்துக்கு முன்பே அந்தச் சக்கரத்தைக் கடந்தவர். அதற்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு எழுத்தர்கள் விதவிதமாகப் பெயர் வைத்தார்கள். அவர்களுடைய வாரிசுகள் யாரென்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது.

காவிரிக்கரை பார்த்த மூன்று மணிப் பொத்தான்களுக்கும் இதுதான் விளக்கம். சாதாரணமாக ஒரு குடும்பப் பெயர் என்றால் ஒரு முப்பாட்டனை நோக்கிப் போகும். இது ஒரு வாசலை நோக்கிப் போகிறது.

பனிவீடு:

டொராண்டோவில் என் பக்கத்து வீட்டுக்காரர் எஸ்போசிட்டோ. இங்கே எல்லோரும் 'ஸி'யை அழுத்தி எஸ்போஸீட்டோ என்கிறார்கள். அவர் வீட்டில் 'போ'வில் அழுத்தம், 'ஸி' பட்டும் படாமல் போகும். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். என் பெயரையும் இங்கே யாரும் சரியாகச் சொன்னதில்லை, அவர் மட்டும் மூன்று தடவை திருப்பிச் சொல்லிப் பழகிக்கொண்டார்.

கனடாவில் இந்தப் பெயர் என்றால் ஐஸ் ஹாக்கிதான். ஃபில் எஸ்போசிட்டோ, டோனி எஸ்போசிட்டோ, அண்ணன் தம்பி, சூ செயின்ட் மரி ஊர்க்காரர்கள். தேசிய ஹாக்கி லீகில் ஒரே பருவத்தில் நூறு புள்ளி எடுத்த முதல் ஆள் ஃபில், 1969இல். 1970-71 பருவத்தில் 76 கோல். டோனி கோல்காப்பாளர், 1969-70இல் பதினைந்து ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை. 1972இல் சோவியத் அணியோடு நடந்த தொடரில், வான்கூவரில் தோற்றபோது சொந்த ரசிகர்களே கூச்சலிட்டார்கள். வியர்வை வழியத் தொலைக்காட்சி முன்னால் நின்று, நாங்கள் உயிரைக் கொடுத்துத்தான் ஆடுகிறோம் என்று நாட்டுக்கே சொன்னவர் ஃபில். பக்கத்து வீட்டுக்காரர் அப்போது பள்ளிக்கூடப் பையன். அதுவரை வகுப்பில் அவர் பெயரைக் கேட்டால் இத்தாலிக்காரப் பையன் என்பார்களாம். அந்தச் செப்டம்பருக்குப் பிறகு, "நீ அவருக்கு உறவா?" என்று கேட்டார்களாம்.

உறவில்லை. எப்படி இருக்க முடியும் என்று இந்த இழையைப் படித்தபிறகுதான் எனக்கே புரிகிறது. பெயரின் அர்த்தம் அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. இனியும் நானாகக் கேட்க மாட்டேன்.

சேலத்துச் செவிலி:

நான் ஓய்வு பெற்ற நர்ஸ். 1992இல் எங்கள் மாவட்டத்தில்தான் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்தது அது. சுவருக்குப் பதில் தொட்டில். நான் வாங்கிய குழந்தைகளில் ஒன்றின் கையில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. கட்டிவிட்ட கை யாருடையதோ, முடிச்சு மிகத் தளர்வாகப் போட்டிருந்தது, கை சிவக்கக்கூடாது என்று. பிள்ளைகளுக்கு நாங்கள் வைத்த பெயரில் எதுவும் ஒட்டிக்கொள்ளவில்லை. தத்துப் போன வீட்டில் புதுப் பெயர், அந்த அப்பாவின் இனிஷியல். நல்லதுதான். ஆனால் அர்னோக்கரை எழுதிய பாதி நாணயத்தைப் படித்ததிலிருந்து அந்தக் கயிற்றை எங்கே வைத்தோம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். குளிப்பாட்டும்போது அறுத்துப் போட்டிருப்போம்.

காவிரிக்கரை:

எல்லாவற்றையும் பாட்டிக்கு ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துச் சொன்னேன். இரண்டு சாயங்காலம் ஆயிற்று. ஹாக்கிக்காரர்களை அவருக்குத் தெரியாது, எழுதி வாங்கிக்கொண்டார், பேரனிடம் காட்ட. கொழும்புக் கதைக்குக் கைதட்டினார். முரா பெயரைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது: "பெயரை எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அம்மா கிடைத்துவிடுவாளா? எங்களை இங்கே மடோனாவின், அதாவது மாதாவின், பிள்ளைகள் என்பார்கள். அந்தப் பெயர் இருந்ததால்தான் அப்படிச் சொன்னார்கள்." நான் முராவின் பக்கம் ஒரு வார்த்தை பேசிப் பார்த்தேன். பள்ளியில், வேலையில், பெண் கேட்கும் இடத்தில் ஒரு பிள்ளை அந்தப் பெயரோடு எவ்வளவு பட்டிருக்கும் என்று. அவர் ஒப்பவில்லை. எனக்கு இன்னும் முரா செய்தது சரி என்றே படுகிறது, ஆனால் அது அவருடைய பெயர்.

மஞ்சள் கயிற்றைச் சொன்னபோது தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் இழுப்பறைகளைப் பற்றி மறுபடி கேட்டார். நேப்பிள்ஸிலிருந்து ஃபுளோரன்ஸ் வேக ரயிலில் மூன்று மணி நேரம்தான், ஆனாலும் இத்தனை வயதில் அவர் ஒருமுறைகூடப் போனதில்லையாம். அடுத்த மாதம் இருவரும் போகிறோம், டிக்கெட் போட்டாயிற்று.

அர்னோக்கரை, பாட்டிக்கு முழங்கால் வலி. அந்த இழுப்பறைகள் இருக்கும் இடத்துக்குப் படி ஏற வேண்டுமா, லிஃப்ட் இருக்கிறதா?

அர்னோக்கரை:

லிஃப்ட் இருக்கிறதா என்று நாளைக்கே நேரில் போய்ப் பார்த்துச் சொல்கிறேன். வரும் தேதியைச் சொல்லுங்கள், நிலையத்துக்கு வந்துவிடுகிறேன்.