மாருதி 800 இன்ஜின்: ரிங் மட்டும் மாற்றினால் தாங்குமா?

வணக்கம் நண்பர்களே. அப்பா ஓட்டிய 1997 மாருதி 800, கார்புரேட்டர் மாடல். காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை தெருவையே மறைக்கிறது. ஆயிலும் குடிக்கிறது. வண்டியைக் குறை சொல்ல முடியாது, நேரத்துக்கு ஆயில் மாற்றாமல் ஓட்டியது நான்தான்.

கேஜ் மாட்டி கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்த்ததில் மூன்றாவது சிலிண்டர் ரொம்பக் குறைவு. பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டதும் கேஜ் முள் ஏறியது. அப்போ கோளாறு வால்வில் இல்லை, ரிங்கில்தான் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) என்று இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிவிட்டேன். (ஹெட் இப்போது சாப்பாட்டு மேசையில். வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.) போரின் (சிலிண்டரின் உள்துளை) மேல் விளிம்பில் விரலை ஓட்டினால், தேய்ந்த இடத்தின் விளிம்பு நகத்தில் தட்டுகிறது. உள்சுவரில் ஆயில் தங்குவதற்காகக் கீறிய ஹோனிங் கோடுகள் ஒரு பக்கம் சுத்தமாக அழிந்திருக்கின்றன.

லேத் பட்டறைக்காரர் மூன்று சிலிண்டரையும் ரீபோர் செய்து (துளையைக் கடைந்து பெரிதாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போடச் சொல்கிறார். என் கையில் இருப்பதே 12,000 ரூபாய். லேசாக ஹோனிங் செய்து, அதே 68.5 மி.மீ. ஸ்டாண்டர்ட் ரிங் போட்டு ஓட்டியவர்கள் யாராவது உண்டா? எத்தனை நாள் தாங்கியது? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வர மட்டும்தான் வண்டி.

அப்புறம், கோவைப் பக்கம் யாரிடமாவது போர் கேஜ் (சிலிண்டர் துளையின் விட்டத்தை அளக்கும் கருவி) இருந்தால் ஒரு நாள் இரவல் தருவீர்களா?