ஹாலோ பிளாக் மேட்டுப்பாத்தி: அஸ்திவாரம் வேண்டுமா?

கேள்வி: கோவையில் வீட்டுக்குப் பின்னால் 10 அடி நீளம், 4 அடி அகலத்தில் இரண்டு மேட்டுப்பாத்தி கட்ட ஆள் பேசியிருக்கிறேன். தோட்ட வேலைக்காரர், அஸ்திவாரம் எதற்கு, மண்மேலேயே ஹாலோ பிளாக் அடுக்கிப் பூசிவிடலாம் என்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாங்க. எங்கள் வீட்டில் அப்படித்தான் அடுக்கினார்கள், முதல் ஐப்பசி மழைக்கே ஈரமண் தள்ளி சுவரின் நடுப்பகுதி வயிறு புடைத்து, விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. சுவர் வரும் இடத்தில் அரையடி தோண்டி, ஜல்லி போட்டுக் கெட்டித்து, மேலே கான்கிரீட் போடச் சொல்லுங்கள். அடிவரிசையில் தண்ணீர் வடிய பிவிசி குழாய்த் துண்டுகள் கட்டாயம், இல்லையென்றால் வேர் அழுகிவிடும்.

பதில்: பாத்தியில் நிரப்பும் மண் யார் பொறுப்பு என்று இப்போதே பேசிவிடுங்கள். எங்களுக்குச் செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியுமாகக் கொட்டிவிட்டுப் போனார்கள், கத்தரி ஒரு சாண்கூட வளரவில்லை. செம்மண், தொழுவுரம், தென்னை நார்க்கழிவு என்று எழுதியே வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்: சரிங்க, நாளைக்கே பேசுகிறேன். பாதிப் பணம் முதல் மழைக்கு அப்புறம்தான்.