பாதிரிக்குடியார் காவல்: அரிட்டாபட்டி மலையடியில் நாங்கள் கண்டவை

இழையைத் தொடங்கியவர்

மலையடிச் சிற்றூர்களுக்கு நேரில் சென்றுவந்தவர்கள் தாம் கண்டதை எழுதும்படி இந்த இழையைத் தொடங்குகிறேன். என் பங்கு அரிட்டாபட்டி. மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், மேலூர் வட்டத்தில், ஏழு குன்றுகளை அருகில் வைத்துக்கொண்டு வாழும் ஊர் அது. கல்வெட்டைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு முதன்முறை நான் போனபோது, கழிஞ்சமலை அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் வழி காட்டினார். “செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க தம்பி, சாமி இருக்குற எடம்” என்றார். அவர் சாமி என்று சொன்னது பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பட்ட சமணத் தீர்த்தங்கரரை என்பது மேலே ஏறிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

குகைத்தளத்தின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாதபடி காடி வெட்டியிருக்கிறார்கள். அதை ஒட்டி, 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்தில், நெல்வெளியைச் சேர்ந்த சிழிவன் அதினன் வெளியன் என்பவன் இந்த ‘முழாகை’யைக் கொடுப்பித்த செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. முழாகை என்பது குகை. சங்கப் பாடல்களில் புலி உறங்கும் முழையை நினைத்துக்கொண்டால் சொல் உடனே நெருங்கி வந்துவிடும். நெல்வெளி என்பதைத் திருநெல்வேலியோடு இணைத்துப் பார்ப்போர் உண்டு. இதே மலையில் 2003-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட இன்னொரு தமிழிக் கல்வெட்டில் இலஞ்சி என்ற ஊர்ப்பெயரும் எமயவன் என்ற பெயரும் வருகின்றன. தெற்கே இருந்த ஊர்களைச் சேர்ந்தவர்கள், இங்கு தங்கிய துறவிகளுக்காகப் பாறையைக் குடைவித்துப் படுக்கை அமைத்துத் தந்திருக்கிறார்கள் என்று எண்ணியபோது, அந்தக் கல்லின் குளிர்ச்சியில் கையை வைத்தபடி நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

ஆயினும் என்னை மிகவும் கட்டிப்போட்டது தீர்த்தங்கரர் உருவத்தின் அருகே, வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்துமுறையில் உள்ள கல்வெட்டுதான். அது தமிழிக் கல்வெட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிற்பட்டது. மலையின் பெயரைத் திருப்பிணையன் மலை என்று அது சொல்கிறது. பொற்கோட்டுக் கரணத்தார் பெயரால் அச்சணந்தி என்னும் சமணத் துறவி செய்வித்த திருமேனி இது என்று கூறிவிட்டு, ‘பாதிரிக்குடியார் இரட்சை’, அதாவது பாதிரிக்குடி ஊராரின் காவல், என்று முடிகிறது. அச்சணந்தியின் பெயர் தமிழ்நாட்டின் பல மலைகளில் கிடைக்கிறது. கீழக்குயில்குடி சமணர் மலையில் அவருடைய தாயார் குணமதியாரின் பெயரையும் காணலாம். துறவி ஊர் ஊராகப் போய்விடுவார். கணக்கெழுதும் கரணத்தாரும் மலையில் குடியிருக்கப் போவதில்லை. ஆகவே திருமேனியைக் காக்கும் பொறுப்பு ஊராரின் பெயரில் எழுதிவைக்கப்பட்டது. திருமேனியின் மீது சுண்ணம் பூசித் தீட்டிய வண்ணம் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, அந்தப் பொறுப்பைக் கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவும் சுமக்கிறார் என்றே நான் நம்புகிறேன்.

சிற்பக்கலை பயிலும் உறுப்பினர்

நீங்கள் குன்றின் மறுபக்கம் உள்ள குடைவரைக்குப் போகவில்லை என்று தோன்றுகிறது. முற்காலப் பாண்டியர் காலத்துச் சிவன் கோயில் அது; இலிங்கமும் தாய்ப்பாறையிலேயே வெட்டப்பட்டது. முகப்பின் ஒரு புறத்தில் பிள்ளையார் அமர்ந்திருக்கிறார், மறுபுறத்தில் இலகுலீசர் அமர்ந்திருக்கிறார். இலகுலம் என்றால் தடி. குஜராத்தில் உள்ள காரோணத்தைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும், பாசுபதம் என்ற பழைய சைவப் பிரிவின் ஆசானான இவருடைய உருவம் தமிழ்நாட்டில் மிக அரிதாகவே காணப்படுவது. குடந்தைக் காரோணம், நாகைக் காரோணம் என்று தேவாரம் பாடும் தலங்களின் பெயரில் அவருடைய மரபு ஒலிப்பதை நான் வகுப்பில் படித்திருந்தேன். ஆனால் வயல் வரப்பில் நடந்து, ஒரு வளைவில் திரும்பி, அவர் முகத்தையே நேருக்கு நேர் பார்ப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை. அன்று படம் வரையக் கொண்டுபோன தாள்கள் அனைத்தும் அவர் ஒருவருக்கே செலவாயின. சமண முனிவரின் படுக்கையும் பாசுபதரின் உருவமும் ஒரே ஊரின் எல்லைக்குள் இருந்தும், ஒன்றை ஒன்று சிதைத்த தடம் எதையும் நான் காணவில்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

பறவை நோக்கும் உறுப்பினர்

எங்கள் குழுவினர் கல்வெட்டுக்காக அல்ல, வல்லூறுக்காகப் போனவர்கள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, பொனெல்லி கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகளும் இக்குன்றுகளில் பதிவாகியுள்ளன. செங்குத்தான பாறை முகமும், அதன் கீழே எலியும் ஓணானும் கௌதாரியும் உலவும் திறந்த புன்செய் நிலமும் சேர்ந்து கிடைக்கும் இடங்கள் அருகிவிட்டன. ஒரு குன்றைக் கிரானைட்டுக்காக அறுத்துவிட்டால் கூடுகட்டும் விளிம்பு மீண்டும் உருவாகப் போவதில்லை. மேலூர் வட்டாரத்தில் அப்படி அறுபட்ட குன்றுகளைப் பார்த்துவிட்டு இங்கு வந்தால் வேறுபாடு கண்ணில் அறையும்.

தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரு ஊர்களில் 193.215 ஹெக்டேர் பரப்பை மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஏறத்தாழ 250 பறவை வகைகள், தேவாங்கு, அழுங்கு, மலைப்பாம்பு, 200 சுனைகள், 72 ஏரிகள் என்று அந்த அறிவிப்பு கணக்கிடுகிறது. பாறையில் விழும் மழை சுனையில் நின்று கசிந்து கண்மாயை அடைவதால்தான் இத்தனை உயிர்களும் கோடையைத் தாண்டுகின்றன. பாண்டியர் காலத்ததாகச் சொல்லப்படும் ஆனைகொண்டான் கண்மாயின் கரையில், விடியலில் ஒரு வல்லூறு புறாக் கூட்டத்தின் மீது பாய்ந்ததை நான் கண்டேன். என் வாழ்நாளில் அதற்கு ஈடான காட்சி வேறில்லை.

மேலூர் வட்டார உறுப்பினர்

நான் பக்கத்து ஊரில் பிறந்தவள். என் தாய்மாமா வீடு அரிட்டாபட்டியில் இருக்கிறது. மீனாட்சிபுரம் பக்கம் உள்ள ஓவாமலையை ஒருவரும் சொல்லவில்லையே என்ற குறை எனக்கு இருக்கிறது. மாங்குளம் கல்வெட்டுகள் என்று நூல்களில் நீங்கள் படிப்பவை அங்குதான் இருக்கின்றன. நெடுஞ்செழியன் பெயரும், கணி நந்தி என்ற துறவியின் பெயரும், வெள்ளறை வணிகக் குழுவினரைக் குறிக்கும் ‘நிகமம்’ என்ற சொல்லும் அவற்றில் உள்ளன. சிறு வயதில் நாங்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்று சொல்லிக்கொண்டு அந்தக் கற்படுக்கைகளில்தான் கட்டுச்சோறு தின்றோம்.

2024 நவம்பரில், நாயக்கர்பட்டித் தொகுதி என்ற பெயரில் 2,015.51 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விடப்பட்டது தெரியவந்தது. பல்லுயிர்த் தலமும் அதற்குள் அடங்கியிருந்தது. ஊர் ஊராகக் கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டோம். டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று எங்கள் பகுதி மக்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். என் அத்தை அதுவரை கழிஞ்சமலைக் கல்வெட்டைப் படித்ததில்லை. அந்த வாரங்களில் யார் வந்து கேட்டாலும் “பாதிரிக்குடியார் இரட்சைன்னு எழுதியிருக்கு, எங்களத்தான் சொல்லியிருக்கு” என்று அவரே விளக்கத் தொடங்கிவிட்டார்.

ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. ஊரில் வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, என் மாமா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்ப் பக்கம் கிளம்பினார். கதிர் முற்றிவிட்டது, அறுப்புக்கு முன் வயல் காய வேண்டும், மடையை அடைக்க வேண்டும் என்றார். நானும் கூடப் போனேன்.