திருப்புதல் நேரத்தில் புத்தகம் திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா?

வெள்ளைத்தாள்:
மாலையில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளி இறுதித் தேர்வு நெருங்கினாலே பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரிதான் படிக்கிறார்கள். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிறார்கள், மஞ்சள் பேனாவால் கோடு போடுகிறார்கள், முடிந்ததும் மறுபடி முதல் பக்கத்துக்குப் போகிறார்கள்.

என் கருத்தைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். கடைசி இரண்டு மாதத்தில் படிக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் புத்தகம் மூடியிருக்க வேண்டும். மின்தடைப் பாடத்தை மூன்றாவது தடவையாக முடித்துவிட்டு வந்த பிள்ளையிடம், புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 6 ஓம், 3 ஓம் இரண்டும் பக்க இணைப்பில் இருந்தால் மொத்த மின்தடை எவ்வளவு? சூத்திரம் தெரியும். ஆறில் ஒன்று, மூன்றில் ஒன்று, கூட்டினால் இரண்டில் ஒன்று என்று சரியாக வரும். அதோடு நிறுத்திவிட்டு ‘அரை ஓம்’ என்று எழுதிவிடுவார்கள். தலைகீழாக்கி 2 ஓம் என்று எழுத வேண்டிய அந்தக் கடைசி வரி புத்தகத்தின் எடுத்துக்காட்டில் இருக்கத்தான் செய்கிறது. மூன்று தடவையும் கண் அதைக் கடந்து போயிருக்கிறது, கை ஒரு தடவைகூட எழுதவில்லை.

வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அந்த நினைப்புதான் பிள்ளைகளைக் கவிழ்க்கிறது.

பழைய வாத்தியார்:
மேடம், நீங்கள் சொன்ன மின்தடைக் கணக்கு நானும் பல ஆண்டுகள் பார்த்ததுதான். ஆனால் உங்கள் முடிவோடு என்னால் சேர முடியவில்லை. உள்ளே போகாத ஒன்றை வெளியே எடுக்க முடியாது. இன்றைக்குப் பிள்ளைகள் புத்தகத்தை அதிகமாக வாசிக்கிறார்கள் என்பதே எனக்குப் புதிய செய்தி. நான் பார்க்கிறவர்கள் முதல் நாளே முந்தைய ஆண்டு வினாத்தாளில் விழுகிறார்கள். பாடத்தைத் தொடாமல் கேள்வியின் முகத்தை மட்டும் பழகிக்கொள்கிறார்கள்.

ஒளிச்சேர்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?’ என்று கேட்டால் மணி மணியாக எழுதுவார்கள். ‘சோதனைக்கு முன் செடியை ஏன் இருட்டில் வைக்கிறோம்?’ என்று கேட்டால் பேனா நின்றுவிடும். இலையில் ஏற்கெனவே இருக்கும் ஸ்டார்ச் தீர்ந்தால்தான், பிறகு அயோடின் ஊற்றும்போது வரும் நீலக்கருப்பு புதிதாக உண்டான ஸ்டார்ச்சைக் காட்டும். இது ஒரு வரிச் செய்திதான். ஆனால் பாடத்தை வரிசையாக, நிதானமாக வாசித்தவனுக்குத்தான் கிடைக்கும். பத்து வினாத்தாள் போட்டுப் பார்த்தாலும் அந்தக் கேள்வி அதில் வராமலே போகலாம்.

அதனால் முதலில் புத்தகம், முழுதாக, ஒரு வரி விடாமல். அப்புறம்தான் மூடுவது.

வெள்ளைத்தாள்:
சார், முந்தைய ஆண்டு வினாத்தாளை மனப்பாடம் செய்வதை நானும் ஏற்கவில்லை. நான் சொல்வது வேறு. பாடத்தை ஒரு தடவை வாசித்தபின் இரண்டாவது, மூன்றாவது தடவைக்குப் பதிலாக வெள்ளைத்தாளில் நினைவிலிருந்து எழுதுவது.

இது நானாகச் சொல்வதல்ல. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சிறு உரைநடைப் பகுதியைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு குழு நான்கு சுற்றும் வாசித்தது. இன்னொரு குழு முதல் சுற்று மட்டும் வாசித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் வாசித்தவர்கள் 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: வாசித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. தங்களுக்குத்தான் நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியதும் வாசித்த குழுதான்.

2013-இல் டன்லோஸ்கியும் அவருடன் சேர்ந்தவர்களும் பத்துப் படிப்பு முறைகளை அலசினார்கள். கோடு போடுவதும் மறுபடி வாசிப்பதும் பயன் குறைந்த பட்டியலில் வந்தன. தன்னைத் தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன. மஞ்சள் பேனா வாங்கித் தருகிற பெற்றோர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய வாத்தியார்:
ஆய்வென்று வந்தால் நானும் ஒன்று சொல்கிறேன். 1985-இல் ஸ்வெல்லர், கூப்பர் இருவரும் இயற்கணிதத்தில் பார்த்தது இது. புதிதாகக் கற்கிறவர்களுக்குக் கணக்கைக் கொடுத்து ‘நீயே போடு’ என்று விடுவதைவிட, போட்டு முடித்த கணக்குகளைப் படிக்கக் கொடுத்தால் நேரமும் மிச்சம், தவறும் குறைவு. நீங்கள் சொன்ன உரைநடைப் பகுதி ஒரே உட்காரலில் வாசித்துவிடக்கூடியது. ஓர் ஆண்டுப் பாடம், அதுவும் ஐந்து பாடங்கள், அப்படி இல்லை.

மூன்றாம் பெஞ்ச்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் இந்த ஆண்டுதான் எழுதுகிறேன். தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அக்கா சொல்கிற மாதிரி புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தால் கணக்கில் எனக்கு ஒன்றுமே வருவதில்லை. அரை மணி நேரம் தாளைப் பார்த்துக்கொண்டே போய்விடுகிறது. சார் சொல்கிற மாதிரி முழுதாக வாசித்தால் அறிவியலுக்கே ஆறு வாரமும் சரியாகிவிடும். வரலாறும் மொழிப்பாடமும் எப்போது படிப்பது?

பழைய வாத்தியார்:
தம்பி, கணக்கில் ஒன்றும் வரவில்லை என்றால் வெறும் தாளோடு மல்லுக்கட்டாதே. புத்தகத்தில் தீர்த்துக் காட்டிய கணக்கு ஒன்றை எடு. ஒரு அட்டையால் கீழ்ப்பகுதியை மூடு. முதல் வரியைப் பார், அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று யோசி, அப்புறம் அட்டையைக் கீழே இறக்கிச் சரிபார். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு ஏன் போனார்கள் என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்ள முடிகிறதா பார். முடிந்தால் அதே வகையில் வேறு எண்கள் உள்ள கணக்குக்குப் போ.

வெள்ளைத்தாள்:
தம்பிக்குச் சார் சொன்ன அட்டை வழி அருமையான வழி, அதையே செய். சார், ஒன்று கவனித்தீர்களா? அடுத்த வரியை யோசித்துவிட்டு அட்டையை இறக்குவதும் புத்தகத்தை மூடுவதுதான், வரி வரியாக.

அப்புறம் நீங்கள் சொன்ன 1985 ஆய்வில், தீர்த்த கணக்குகளைப் படித்தவர்கள் முந்தியது அதே மாதிரியான கணக்குகளில்தான். மாறுபட்ட கணக்கு வந்தபோது அந்த அனுகூலம் தெரியவில்லை. தேர்வில் வருவது கலந்துதானே வரும்?

அதனால் இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன், கணக்கை அத்தியாயம் அத்தியாயமாகப் போடாமல் கலந்து போடுங்கள். பயிற்சி 3.4-இல் இருக்கும் எல்லாக் கணக்கும் ஒரே முறையில் தீரும் என்று பிள்ளைக்குப் போடும் முன்பே தெரியும். எந்த முறை என்று தேர்ந்தெடுக்கும் வேலை அங்கே இல்லவே இல்லை. தேர்வில் முதலில் செய்ய வேண்டிய வேலை அதுதான். 2007-இல் ரோரர், டெய்லர் இருவரும் கன அளவு காணும் நான்கு வகைக் கணக்குகளை ஒரு குழுவுக்கு வகைவகையாகவும், இன்னொரு குழுவுக்குக் கலந்தும் கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகைவகையாகப் போட்டவர்கள் 89 சதவீதம், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63.

பழைய வாத்தியார்:
அந்த 89, 60 இரண்டையும் வகுப்பறைக் கண்ணால் பாருங்கள் மேடம். அவர்கள் கல்லூரி மாணவர்கள். தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது, ஏற்கெனவே கணக்கைக் கண்டு ஒதுங்குகிற ஒரு பிள்ளை பத்துக்கு நான்கு தவறு செய்துகொண்டே இருந்தால் ‘ஒரு வாரம் கழித்துப் பலன் தெரியும்’ என்று காத்திருப்பானா? நோட்டை மூடி வைத்துவிடுவான். தைரியமும் பாடத்தில் ஒரு பகுதி. நன்றாக வந்துவிட்ட அத்தியாயங்களைக் கலக்கலாம், அதற்கு நான் தடை சொல்லவில்லை. வராததைக் கலந்தால் எல்லாம் குழம்பும்.

இரவுப்பறவை:
இவ்வளவு திட்டம் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு தேர்வுக்கும் முந்தைய இரவு முழுக்க விழித்துப் படித்துத்தான் நானும் என் நண்பர்களும் தேறினோம். படித்தது புதிதாக இருக்கும்போதே போய் எழுதிவிடலாம்.

வெள்ளைத்தாள்:
நீங்கள் தேறியதில் மகிழ்ச்சி. ஆனால் இதை ஆறு வாரம் கையில் இருக்கிற பையனுக்குச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதிவைத்த விஷயம் இது. பொருளில்லாத அசைகளை ஒரே மூச்சில் 68 முறை சொன்னதால் மறுநாள் கிடைத்த பலன், மூன்று நாட்களுக்குப் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே கிடைத்தது. ஒரே அளவு நினைவுக்குக் கிட்டத்தட்ட பாதி உழைப்பு. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இரண்டு மடங்கு உழைப்பது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். கணக்குத் தாளில் கூட்டல் கழித்தலில் மதிப்பெண் போவது பெரும்பாலும் தூங்காத தலையால்தான் என்பது என் அனுபவம்.

பழைய வாத்தியார்:
இதில் நானும் மேடம் பக்கம்.

இரட்டைக்கோடு:
விடைத்தாள் திருத்திய அனுபவத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் கணக்கையும் அறிவியலையும் வைத்தே பேசுகிறீர்கள். வரலாற்றுத் தாளில் மதிப்பெண் போவது மறதியால் மட்டுமல்ல. கேட்டதை எழுதாமல் தெரிந்ததை எழுதுவதால்.

‘முதல் உலகப் போர் சில வாரங்களுக்குள் பல நாடுகளுக்குப் பரவியது ஏன்?’ என்று கேள்வி. பிள்ளை என்ன எழுதுகிறது? 1914 ஜூன் 28, சரயேவோ, இளவரசர் பெர்டினாண்ட் சுடப்பட்டார், யார் சுட்டார், காரில் யார் இருந்தார்கள் என்று ஒன்றரைப் பக்கம். கூட்டணி ஒப்பந்தங்களால் ஒரு நாட்டுச் சண்டைக்குள் இன்னொரு நாடு எப்படி இழுக்கப்பட்டது என்பது கடைசியில் ஒரே வரி. கேள்வி கேட்டதே அந்த ஒரு வரியைத்தான். ஒன்றரைப் பக்கமும் உண்மை, ஆனால் அதற்கு மதிப்பெண் போட எனக்கு இடமில்லை. பாவமாக இருக்கும்.

இது வாசித்தாலும் சரியாகாது, நினைவிலிருந்து கொட்டினாலும் சரியாகாது. வெள்ளைத்தாள் சொல்கிற முறையில் தனியாகச் செய்தால் இன்னும் மோசமாகலாம், ஏனென்றால் நினைவில் இருப்பதையெல்லாம் கொட்டிப் பழகுகிறார்கள். வினாத்தாளை எடுத்து, விடை எழுதாமல், ஒவ்வொரு கேள்வியிலும் ‘ஏன்’, ‘எப்படி’, ‘ஒப்பிடுக’, ‘விளைவுகள்’ எது கேட்கப்பட்டிருக்கிறது என்று அடிக்கோடிட்டு, நான்கைந்து குறிப்பு மட்டும் எழுதிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் ஒரு கேள்வி முடிந்துவிடும். மொழிப்பாடக் கட்டுரைக்கும் இதே வழி போதும். கடைசியில் மதிப்பெண் பங்கீட்டையும் பாருங்கள். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதுகிறவர்கள் கடைசிக் கேள்விக்கு வரும்போது மணி அடித்துவிடும்.

வெள்ளைத்தாள்:
இது நான் யோசிக்காத கோணம். வரலாற்றுக்கு நினைவிலிருந்து எழுதுவது மட்டும் போதாது, கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். சரி.

மூன்றாம் பெஞ்ச்:
சார் சொன்ன அட்டை முறையில் இருபடிச் சமன்பாடு செய்து பார்த்தேன். புத்தகக் கணக்கு வந்தது. அப்புறம் மூடிவிட்டு வேறு ஒன்று போட்டேன். எக்ஸ் வர்க்கத்தின் கெழு 2, எக்ஸின் கெழு -5, மாறிலி -3, வலப்பக்கம் 0. தன்மைகாட்டி, அதாவது எக்ஸின் கெழுவின் வர்க்கத்திலிருந்து மற்ற இரண்டின் பெருக்கலை நான்கு மடங்காக்கிக் கழிப்பது, 25 - 24 = 1 என்று வந்தது. மூலங்கள் ஒன்றரை, ஒன்று. விடைப் பக்கத்தில் வேறு இருக்கிறது. எங்கே தவறு என்று தெரியவில்லை.

பழைய வாத்தியார்:
நான்கு பெருக்கல் 2 பெருக்கல் -3 எவ்வளவு தம்பி? குறியோடு சொல்.

வெள்ளைத்தாள்:
சார் கேட்டதற்குப் பதில் சொல்வதற்கு முன் இன்னொன்றும் செய். நீ கண்ட 1-ஐச் சமன்பாட்டில் போட்டுப் பார். 2 - 5 - 3, அதாவது -6. பூஜ்யம் வரவில்லை. ஒன்றரையைப் போட்டாலும் -6 தான் வரும். விடைப் பக்கம் இல்லாத தேர்வறையில் தவறைக் காட்டிக்கொடுப்பது இந்தச் சோதனைதான். அரை நிமிட வேலை.

மூன்றாம் பெஞ்ச்:
-24. அதைக் கழிக்கும்போது கூட்டலாகிவிடும். 25 + 24 = 49, வர்க்கமூலம் 7. மூலங்கள் 3, பிறகு மைனஸ் அரை. 3-ஐப் போட்டுப் பார்த்தேன், 18 - 15 - 3 = 0.

பழைய வாத்தியார்:
அதேதான். பார்த்தீர்களா மேடம், இதற்கு அவன் எல்லா அத்தியாயத்தையும் கலந்து போட வேண்டியிருக்கவில்லை. ஒரே வகையில் இன்னும் நாலைந்து போட்டால் இந்தக் குறித் தவறு போய்விடும்.

வெள்ளைத்தாள்:
மூடிவிட்டுப் போட்டதால்தானே சார் அந்தத் தவறு வெளியே வந்தது? அட்டையை இறக்கிக்கொண்டே போயிருந்தால் -24 கண் முன்னால் அச்சில் இருந்திருக்கும், அவனும் ‘ஆமாம் ஆமாம்’ என்று கடந்திருப்பான். நாலைந்து அதே வகையில் போடட்டும், சரி. ஆனால் மூன்று நாள் கழித்து, வேறு பாடம் படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில், முன்னறிவிப்பு இல்லாமல் இப்படி ஒன்று வர வேண்டும்.

பழைய வாத்தியார்:
மூன்று நாள் கழித்து என்றால் எனக்குச் சம்மதம். இன்றைக்கே என்றால் இல்லை. தம்பி, மாறிலி குறை எண்ணாக உள்ள கணக்குகளாகப் பார்த்து நாலு போட்டு, தன்மைகாட்டி வரியை மட்டும் இங்கே எழுது.