ஷிங்கிள் ஸ்பிரிங்ஸ் (கலிஃபோர்னியா) தமிழ் வீடுகள் குரூப்: கோழி, டிரெய்லர், காட்டுத்தீ

[மாலை 6:12] ஜெயா அக்கா: என்கிட்ட 8 பொட்டைக்கோழி இருக்கு. புல்லு மேல இழுத்து நகர்த்துற சக்கரக் கூடு. தீ வந்தா அதையே வண்டியில மாட்டி இழுத்துட்டுப் போயிடலாமா?

[6:15] முருகேசன்: முடியாதுங்க. அது பஞ்சாரத்துக்குச் சக்கரம் வச்ச மாதிரி, தோட்டத்துக்குள்ள மட்டும்தான். அந்தக் குட்டிச் சக்கரம் ஹைவே 50ல தாங்காது. பின்னாடி லைட் இல்ல, நம்பர் பிளேட் இல்ல. ரோட்டுக்கு வேணும்னா டிஎம்வியில (வாகனப் பதிவு ஆபீஸ்) பதிவு பண்ண யூட்டிலிட்டி டிரெய்லர் மேல கூட்டைக் கட்டணும். 5க்கு 8 அடி போதும். கோழிக்கு 4 சதுர அடி வச்சா 10 கோழி தாராளமா இருக்கும்.

[6:19] பிரபு: அண்ணா, கூடு தனியா இருக்கட்டும், டிரெய்லரை ஓரமா நிறுத்தி வச்சா? ஊரை விட்டு வெளியேறச் சொல்லி ஆர்டர் வந்ததும் பிடிச்சுப் போட்டுக்கலாமே.

[6:24] தேவி: அங்கதான் மாட்டுவீங்க. மேயுற கோழியைப் புகைக்குள்ள துரத்துறதுலயே நேரம் போயிடும். அதுங்களும் வெப்பத்துல களைச்சுப் போகும். தினமும் அடையுற இடமே கிளம்புற வண்டியா இருக்கணும். இருட்டினா தானா ஏறிடும், கதவைச் சாத்தினா வேலை முடிஞ்சது. புதுக் கூட்டுக்குப் பழக முதல் ஒரு வாரம் வெளிய விடாதீங்க. அப்புறம் தினமும் ஒரே டப்பாவுல சோளக் குருணை போட்டுக் குலுக்கி "பா பா"ன்னு கூப்பிட்டு உள்ள வச்சே போடுங்க. டப்பா சத்தம் கேட்டா பட்டப்பகல்லயும் ஓடி வரும்.

[6:25] தேவி: ரெட் ஃப்ளாக் வார்னிங் (காய்ஞ்ச காத்தால தீ வேகமாப் பரவலாம்ங்கிற வானிலை எச்சரிக்கை) இருக்குற நாள்ல மேய விடவே கூடாது.

[6:31] ஜெயா அக்கா: எப்போ கிளம்பறது? ஆர்டர் வர்ற வரைக்கும் இருக்கலாமா?

[6:38] முருகேசன்: கூடாதுக்கா. ஆர்டருக்கு முன்ன வர்ற எவாக்குவேஷன் வார்னிங் (வெளியேறத் தயாராகுங்கங்கிற எச்சரிக்கை) அறிவிப்புலயே, கூடுதல் நேரம் தேவைப்படுறவங்களும் கால்நடை வச்சிருக்கிறவங்களும் இப்பவே கிளம்புங்கன்னுதான் இருக்கும். அது நமக்குத்தான். ஆர்டர்னா உயிருக்கு உடனடி ஆபத்து, உடனே வெளியேறணும்னு சட்டப்படி உத்தரவு. 2018 நவம்பர் 8, பாரடைஸ்ங்கிற ஊர்ல காட்டுத்தீ வந்தப்போ வெளிய போற ரோடெல்லாம் அடைச்சுக்கிச்சு. அந்தத் தீயில 85 பேர் போனாங்க. 2021ல கால்டார் தீ வந்தப்போ சவுத் லேக் தாஹோ ஜனங்க இதே ஹைவே 50ல மணிக்கணக்கா நின்னாங்க. அந்த நெரிசல்ல டிரெய்லரோட நிக்கக் கூடாது.

[6:40] முருகேசன்: அதனால ரெட் ஃப்ளாக்னு வந்தாலே சாயங்காலமே டிரெய்லரை வண்டியில மாட்டிடுங்க. வண்டி மூக்கு ரோட்டைப் பார்த்து நிக்கணும். ஹிட்ச் (டிரெய்லரை மாட்ட வண்டிக்குப் பின்னாடி இருக்குற அமைப்பு) பூட்டுச் சாவி கார் சாவி வளையத்துலயே தொங்கணும்.

[6:52] ரஃபீக் பாய்: கூடு கட்டுறப்போ கவனிக்க வேண்டியது. கூரை தகரம்தான். பிளாஸ்டிக் ஷீட்டும் தார்ப்பாயும் கங்கு விழுந்தா உருகிடும். ஜன்னலுக்கு அரை இன்ச் வெல்டு மெஷ் நரி, ரக்கூனை நிறுத்தும், தீப்பொறியை நிறுத்தாது. அதுக்கு உள்பக்கமா 1/8 இன்ச் இரும்பு வலை வைங்க. அதுல இறகும் தூசியும் அடைச்சுக்கும், வாரம் ஒரு தடவை பிரஷ் போடலைன்னா காத்தே வராது. மரத்தூள், வைக்கோல் கனமாப் போடாதீங்க. தரையில ரப்பர் மேட், மேல லேசா மரத்தூள். வண்டி நிக்கிற இடம் சரளைக்கல், வீட்டுச் சுவர்ல இருந்து 30 அடி தள்ளி. காய்ஞ்ச புல்லு மேல வேண்டாம்.

[6:55] ரஃபீக் பாய்: பெர்ச் கட்டை (கோழி ராத்திரி உக்கார்ற கட்டை) தரையில இருந்து ஒன்றரை அடிக்கு மேல வேண்டாம். கழட்டுற மாதிரி இருக்கணும். ஓடுற வண்டியில கோழி தரையில உக்காந்தாத்தான் கால் முறியாது.

[7:03] பிரபு: என் வண்டியில ஹிட்ச் இருக்கு. மாட்டினா போதும்தானே?

[7:14] முருகேசன்: கப்ளர், அதாவது ஹிட்ச்ல இருக்குற இரும்புப் பந்து மேல கவிழ்ந்து பூட்டுற டிரெய்லர் முனை, எத்தனை இன்ச்னு பார்த்தியா? சின்ன டிரெய்லர்ல 1 7/8ம் உண்டு, 2ம் உண்டு. 2 இன்ச் கப்ளரை 1 7/8 பந்து மேல வச்சாலும் "டக்"குன்னு பூட்டின மாதிரியே இருக்கும். முதல் பள்ளத்துல கழண்டுக்கும். பூட்டின பிறகு டங்கை (டிரெய்லரோட முன்னாடி நீட்டிட்டு இருக்குற கம்பி) ஜாக்கால தூக்கிப் பாரு, வண்டியோட பின்பக்கமும் சேர்ந்து எழும்பணும். சங்கிலி ரெண்டையும் டங்குக்கு அடியில குறுக்கா போடு. லைட் பிளக் 4 பின்னா 7 பின்னா பார்த்து அடாப்டரை இப்பவே வாங்கு.

பாரம் முன்பக்கம். மொத்த எடையில 10லிருந்து 15 சதவீதம் டங்குல விழணும். தீவன மூட்டையும் தண்ணி கேனும் பின்னாடி இருந்தா டிரெய்லர் வாலாட்டும். கலிஃபோர்னியாவுல டிரெய்லர் இழுத்தா உச்சவரம்பு மணிக்கு 55 மைல்தான். கிளம்புறதுக்கு முன்ன நாலு மூலைத் தாங்குக்காலையும் தூக்கியாச்சான்னு சுத்தி வந்து பார்க்கணும். அவசரத்துல எல்லாரும் மறக்குறது அதைத்தான்.

[7:17] தேவி: இன்னொண்ணு, ஆட்டோமேட்டிக் கதவு. வெளிச்சம் பார்த்துத் திறக்குற வகைன்னா விடிஞ்சதும் ஓடுற வண்டியிலயே திறந்துக்கும். பேட்டரியைக் கழட்டிட்டு வெளிய கொக்கி போடுங்க.

[7:26] ஜெயா அக்கா: அய்யோ, அது யோசிக்கவே இல்ல. தீவனம், தண்ணி எவ்வளவு எடுக்கணும் தேவி?

[7:35] தேவி: ஒரு கோழிக்கு நாளைக்கு 120 கிராம். 8 கோழிக்கு ஒரு வாரத்துக்கு 7 கிலோ. மூடி போட்ட வாளியில, மாசாமாசம் புதுசு மாத்துங்க. தண்ணி நாளைக்குத் தலைக்கு அரை லிட்டர், வெயில்ல இரட்டிப்பாகும். அதனால 20 லிட்டர் கேன், வெயில்ல ரெண்டரை நாள் வரும், அப்புறம் நிரப்பிக்கணும். ஆனா ஓடுறப்போ உள்ள தண்ணிப் பாத்திரம் வைக்காதீங்க. கவுந்து தரை நனையும், ஈரமும் சூடும் சேர்ந்தா மூச்சு முட்டும். வெள்ளரித் துண்டு, தர்பூசணி போடுங்க, நிறுத்துற இடத்துல தண்ணி காட்டுங்க. வாயைப் பிளந்து இறக்கையை விரிச்சு நின்னா சூடு ஏறிடுச்சுன்னு அர்த்தம்.

[7:41] பிரபு: பத்து நிமிஷம்தான் இருக்குன்னா?

[7:44] முருகேசன்: டிரெய்லர் மாட்டலைன்னா அதை விட்டுடு. கார் டிக்கியில எப்பவும் ஒரு பிளாஸ்டிக் கோழிக் கிரேட் இருக்கட்டும், 8 கோழி அடங்கும். அதுவும் முடியலைன்னா கூட்டைத் திறந்து விட்டு, இரும்புத் தொட்டியில தண்ணி வச்சுட்டு நீ கிளம்பு. பூட்டிட்டு மட்டும் போகாதே.

[7:58] ஜெயா அக்கா: எங்க கொண்டு போறது? செல்டர்ல சேர்ப்பாங்களா?

[8:06] தேவி: மனுஷங்க தங்குற செல்டர்ல பெரும்பாலும் சேர்க்க மாட்டாங்க. கால்நடைக்கு ஃபேர்கிரவுண்ட்ஸ் (கண்காட்சி மைதானம்) திறப்பாங்க, ஆனா பறவைக் காய்ச்சல் இருக்குறதால கோழிக்கு உண்டான்னு முன்கூட்டியே கேட்கணும். அடுத்தவங்க கோழியோட கலக்க விடாதீங்க, அவங்க வாளி, செருப்பு எதுவும் வாங்கிப் போடாதீங்க. கோழிக் காலுக்கு உங்க போன் நம்பர் போட்ட வளையம் மாட்டுங்க. தீயோட திசை மாறும், அதனால சாக்ரமெண்டோ பக்கம் ஒரு வீடு, வேற பக்கம் ஒரு வீடு பேசி வைங்க. ஒரு வாரம் பத்து நாள் முட்டை நின்னு போனா பயப்படாதீங்க, அதிர்ச்சிதான்.

[8:31] ஜெயா அக்கா: பக்கத்துத் தெருவுல ஒரு 5க்கு 8 டிரெய்லர் விலைக்கு இருக்கு. டயர்ல பள்ளக் கோடெல்லாம் நல்லா ஆழமா இருக்கு. ஓரத்துல கடைசியா 2216ன்னு போட்டிருக்கு. வாங்கலாமா அண்ணா?

[8:33] முருகேசன்: அது 2016ஆம் வருஷம் 22ஆவது வாரம் செஞ்ச டயர். டிரெய்லர் டயர் ஓடித் தேயாது, வெயில்ல நின்னே வெடிக்கும். ரெண்டு புது டயர் விலையைக் கழிச்சுக் கேளுங்க. சக்கரத்தைக் கையால சுத்திப் பாருங்க, கரகரன்னா பேரிங்குக்கும் சேர்த்துக் கழிக்கணும்.