டோபமைன் நரம்பணுக்களைக் காக்கும் ஆய்வு: நோய் கண்டறியப்பட்டவர்களிடம் தொடர்வதில் பொருள் உண்டா?

கயல்விழி எழுதியது:

மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால் நடுக்கமும் உடல் இறுக்கமும் தருவது பார்க்கின்சன் நோய். எக்ஸெனடைடு என்ற நீரிழிவு மருந்து அந்த நோயின் போக்கைத் தடுக்குமா என்று பார்த்த மூன்றாம் கட்ட ஆய்வின் முடிவு 2025இல் லான்செட் இதழில் வெளிவந்தது. 194 பேரை 96 வாரங்கள் கவனித்தும், மருந்து பெற்றவர்களுக்கும் போலி மருந்து பெற்றவர்களுக்கும் இடையே பயன் சொல்லும்படியான வேறுபாடு தென்படவில்லை. 2017இல் 62 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு இதே மருந்தின்மேல் பெரும் நம்பிக்கையை ஏற்படுத்தியிருந்தது. வைட்டமின் ஈ, கோஎன்சைம் கியூ10, 1,741 பேரிடம் சோதிக்கப்பட்ட கிரியேட்டின், ஐனோசின், இஸ்ராடிபைன் ஆகியவற்றின் கதையும் இதுதான். ஆய்வகத்தில் நம்பிக்கை தந்த இவை நோயாளிகளிடம் வந்தபோது கைவிட்டன.

நாம் காலம் கடந்து போய் நிற்கிறோம் என்பதே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன். இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து 2013இல் வெளியான கட்டுரை ஒன்று, நோய் கண்டறியப்பட்டு நான்கு ஆண்டுகள் ஆனவர்களிடமே மூளையில் இயக்கத்தை ஆள உதவும் புட்டாமென் பகுதியின் மேற்புறத்தில் டோபமைன் நரம்பிழைகள் ஏறக்குறைய இல்லாமற் போயிருந்ததைக் காட்டியது. வெள்ளம் வடிந்த பிறகு அணை கட்டுவதால் யாருக்குப் பயன்? நோய் கண்டறியப்பட்டவர்களிடம் இத்தகைய ஆய்வுகளை நிறுத்திவிட்டு, அறிகுறி தோன்றாதவர்களைக் காப்பதற்கும், இழந்த அணுக்களுக்கு ஈடாகப் புதிய அணுக்களைப் பொருத்துவதற்கும் உழைப்பைத் திருப்ப வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

நெடுமாறன் எழுதியது:

கயல்விழி அவர்கள் அடுக்கிய தோல்விகளை நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன். அவர் காட்டும் அதே 2013ஆம் ஆண்டுக் கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. புட்டாமெனில் இழைகள் அழிந்த பிறகும், அந்த இழைகள் புறப்படும் இடமான நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் நரம்பணு உடல்களில் ஒரு பகுதி பல ஆண்டுகள் எஞ்சியிருந்தது. ஆகவே காப்பதற்கு ஏதும் மீதமில்லை என்று சொல்லிவிட முடியாது.

தோல்விக்கு வேறொரு காரணமும் உண்டு. 1982இல் கலிஃபோர்னியாவில், திருட்டுத்தனமாகத் தயாரிக்கப்பட்ட போதைப்பொருளை ஊசியாகப் போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர் திடீரென உடல் இறுகி, முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப்போல் ஆனார்கள். அதில் கலந்திருந்த எம்பிடிபி என்ற பொருள் மூளைக்குள் மாற்றம் பெற்று, டோபமைனை உள்ளிழுக்கும் வாயில் வழியாகவே அந்த நரம்பணுக்களுக்குள் நுழைந்து, அவற்றுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகிறது. அன்று முதல் எலிகளுக்கும் குரங்குகளுக்கும் எம்பிடிபி கொடுத்து, அதிலிருந்து அணுக்களைக் காக்கும் மருந்துகளைத் தேடிவந்தோம். ஆனால் அந்த நஞ்சு நாட்கணக்கில் கொல்கிறது. மனிதரின் நோயோ, ஆல்ஃபா-சைனூக்ளின் புரதம் உருமாறித் திரள்வது, மைட்டோகாண்ட்ரியாவின் நலிவு, கழிவகற்றும் லைசோசோம்களின் தளர்ச்சி எல்லாம் ஒன்றையொன்று தூண்ட, பல ஆண்டுகளில் மெல்ல வளர்வது. ஒரே அடியைத் தாங்க உதவும் மருந்து நீண்டகால அரிப்பையும் தடுக்கும் என்று எதிர்பார்த்ததே பிழை. மாதிரி தவறியதற்காக நோக்கத்தையே கைவிடுவது முறையாகாது.

எழிலரசி எழுதியது:

நான் ஏழு ஆண்டுகளாக இந்த நோயோடு வாழ்கிறேன். "நிறுத்திவிட வேண்டும்" என்ற சொல்லைப் படித்தபோது மனம் வலித்தது, ஆனாலும் உணர்ச்சியை மட்டும் வைத்து நான் வாதிட வரவில்லை.

எனக்கு நடுக்கம் வலக்கையில் தொடங்கியது. இடக்கையால் அதன் பின்னும் நான்கு ஆண்டுகள் தடையின்றி எழுதினேன், பொத்தான் போட்டேன், ஊசியில் நூல் கோத்தேன். இந்த நோய் பெரும்பாலோருக்கு ஒரு பக்கத்தில் தொடங்கிப் பிறகுதான் மறுபக்கத்துக்குப் பரவுகிறது என்று என் மருத்துவர் விளக்கினார். அப்படியானால், நோய் கண்டறியப்பட்ட நாளில் என் மூளையின் ஒரு பக்கம் கயல்விழி அவர்கள் சொல்லும் "அறிகுறி தோன்றாதவர்" நிலையில்தானே இருந்தது? அந்த நான்கு ஆண்டுகளை எட்டாக நீட்டித் தரும் மருந்து ஒன்று இருந்திருந்தால், அதை அணை கட்டக் காலம் கடந்ததாக நான் எண்ணியிருக்க மாட்டேன்.

கயல்விழி எழுதியது:

எழிலரசி அம்மா, என் சொல் உங்களைப் புண்படுத்தியதற்கு மன்னிக்க வேண்டும். இரு பக்கங்களையும் பிரித்துப் பார்க்கும் உங்கள் வாதத்தை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அதற்கு என்னிடம் முழுமையான மறுமொழியும் இல்லை.

ஆயினும் நரம்பணு காக்கப்பட்டதா என்பதை எதைக்கொண்டு அளப்பது? மூளையில் டோபமைனாக மாறி அறிகுறிகளைத் தணிக்கும் லெவோடோபா மருந்தைப் பற்றி 2004இல் வெளியான ஆய்வில் 361 பேர் கலந்துகொண்டனர். 40 வாரங்களுக்குப் பிறகு மருந்தை இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்தபோதும் லெவோடோபா எடுத்தவர்களே நன்றாக இயங்கினர். ஆனால் மூளைப் படங்களோ அவர்களிடம் டோபமைன் நரம்பு முனைகளின் குறியீடு கூடுதலாகக் குறைந்ததைக் காட்டின. ஒரே ஆய்வில் உடல் ஒன்றைச் சொல்ல, படம் அதற்கு எதிரானதைச் சொன்னது. 2009இல் ரசாகிலின் என்ற மற்றொரு பார்க்கின்சன் மருந்தின் ஆய்வில் 1 மில்லிகிராம் அளவு நோயைத் தாமதப்படுத்துவதுபோல் தோன்றியது, 2 மில்லிகிராம் அளவு அப்படித் தோன்றவில்லை. 2024இல் லிக்சிசெனடைடு மருந்து 156 பேரிடம் 12 மாதங்களில் இயக்கக் குறைபாட்டை அளக்கும் மதிப்பீட்டில் சுமார் 3 புள்ளி வேறுபாட்டைக் காட்டியதும், அடுத்த ஆண்டே அதன் உறவுமருந்தான எக்ஸெனடைடு ஏமாற்றியதும் இதே குழப்பத்தின் தொடர்ச்சிதான். அறிகுறியைத் தணிப்பதையும் அணுவைக் காப்பதையும் பிரித்தறிய முடியாத அளவுகோலை வைத்துக்கொண்டு, இன்னும் எத்தனை பேரின் ஆண்டுகளைக் கேட்டுப் பெறப் போகிறோம்?

நெடுமாறன் எழுதியது:

அளவுகோல் பற்றிய குறையை ஏற்கிறேன். தண்டுவட நீரில் உருமாறிய ஆல்ஃபா-சைனூக்ளினைக் கண்டறியும் சோதனை 2023இல் 1,123 பேரிடம் நடந்த ஆய்வில் பார்க்கின்சன் நோயாளிகளில் சுமார் 88 விழுக்காட்டினரைச் சரியாக இனங்கண்டது பெரிய முன்னேற்றம். ஆனால் அது புரதம் இருக்கிறதா இல்லையா என்று சொல்கிறதேயன்றி, மருந்தால் சேதம் குறைந்ததா என்று சொல்வதில்லை.

அதே இடர்ப்பாடு உங்கள் மாற்று வழியில் இன்னும் பெரிதாகும். உறக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால் வீசுபவர்களில் பலர் பின்னாளில் இந்த நோய்க்கு ஆளாகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்களில் சிலருக்கு லூயி உடல் மறதிநோயும், சிலருக்கு மூளையின் பல பகுதிகளைத் தாக்கும் பலமண்டலச் சிதைவும் வருகின்றன. யாருக்கு எது, எந்த ஆண்டில் வரும் என்று தெரியாமல், இன்று நலமாக நடமாடும் ஒருவருக்குப் பக்கவிளைவுள்ள மருந்தைப் பல ஆண்டுகள் கொடுப்பதற்கு முன்னால், அது மனித மூளையில் ஏதேனும் செய்கிறது என்ற சான்றையாவது நோயாளிகளிடமிருந்து பெற்றிருக்க வேண்டாமா?

அறிவன் எழுதியது:

அணுக்களைப் பொருத்துவது பற்றி ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கருவின் நடுமூளைத் திசு பொருத்தப்பட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தபோது, பொருத்தப்பட்ட இளம் அணுக்கள் சிலவற்றிலும் லூயி உடல்கள், அதாவது இந்த நோயின் அடையாளமான ஆல்ஃபா-சைனூக்ளின் திரள்கள், உருவாகியிருந்தன. 2008இல் வெளியான செய்தி இது. குருத்தணுக்களிலிருந்து (ஸ்டெம் செல்) வளர்த்த டோபமைன் அணுக்களைப் பொருத்திய முதற்கட்ட ஆய்வுகள் 2025இல் நேச்சர் இதழில் வந்தன. ஒன்றில் 12 பேர், கியோட்டோவில் நடந்த மற்றொன்றில் 7 பேர். பாதுகாப்பைப் பொறுத்தவரை நம்பிக்கை தரும் முடிவுகள் அவை. ஆனால் புதிதாக நட்ட அணுவையும் அதே நோய் தொடுமானால், காக்கும் வழியை அறியாமல் நடுவது மட்டும் போதாது.

கயல்விழி எழுதியது:

அறிவன் சொன்னதை மறுக்க எனக்கு வழியில்லை. "நிறுத்த வேண்டும்" என்பதைத் திரும்பப் பெறுகிறேன். அதற்குப் பதிலாக மூன்று நிபந்தனைகளை வைக்கிறேன். நோய் கண்டறியப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்குள் இருப்பவர்களையே சேர்க்க வேண்டும். குறைவாகப் பாதிக்கப்பட்ட பக்கத்தைத் தனியே அளந்து, அதையே முதன்மை அளவாகக் கொள்ள வேண்டும். மருந்து மூளைக்குள் போதிய அளவில் சென்று தன் இலக்கைத் தொடுகிறது என்பதைச் சிறிய ஆய்வில் காட்டிய பிறகே நூற்றுக்கணக்கானோரை அழைக்க வேண்டும். இஸ்ராடிபைன் ஆய்வு முடிந்த பின்பு, கொடுத்த அளவு போதுமானதாக இருந்ததா என்று விவாதிக்க நேர்ந்ததை மறக்கக் கூடாது.

எழிலரசி எழுதியது:

இந்த நிபந்தனைகளை நான் ஏற்கிறேன், அவற்றின்படி எனக்கு அந்த ஆய்வில் இடமில்லை என்று தெரிந்தே ஏற்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏழு ஆண்டு ஆனவர்களை ஏன் சேர்க்கவில்லை என்பதை அறிவிப்பிலேயே தெளிவாக எழுதுங்கள். எங்களிடம் காக்க ஒன்றுமில்லை என்று எழுத வேண்டாம். எஞ்சியிருப்பதை அளக்கும் வழி இன்னும் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள்.