பொங்கல் விழாவின் காட்சிமொழி: கோலத்தின் படமா, கோலத்தின் இலக்கணமா? (புனைபெயர்களில் மூவர் உரையாடல்)

வாசற்படி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கான சுவரொட்டி, வழிகாட்டிப் பலகை, தன்னார்வலர் அட்டை எல்லாவற்றுக்கும் ஒரே காட்சிமொழி வேண்டும் என்று முடிவு செய்தோம். வந்த மாதிரியில் குத்துவிளக்கு, யானை, மயில், ஓரத்தில் பல வண்ண ரங்கோலி ஆகியவை இருந்தன. அப்படியே தீபாவளித் துணிக்கடை விளம்பரத்துக்கும் அதைக் கொடுத்துவிடலாம். கோலத்தைப் படமாக ஒட்டுவதை விட்டு, அதன் இலக்கணத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. ‘ஊடுபுள்ளி, 15 முதல் 8 வரை’ என்று ஒருவர் சொன்னால் போதும். ஊடுபுள்ளி என்றால் ஒரு வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி வருவது. நடுவரிசையில் 15 புள்ளி, மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 8இல் முடியும், மொத்தம் 169 புள்ளி என்பது கோலம் போடுகிறவர்களுக்கு விளங்கிவிடும். சுவரொட்டிக்கும் அட்டைக்கும் பொதுவான சட்டகமாக இதையே வைத்துக்கொள்ளலாம். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றியவர்களும் 1970களில் கோலங்களைக் கணினி அறிவியலின் வடிவ இலக்கணங்களை, அதாவது வடிவங்களைப் படிப்படியாக உருவாக்கும் விதித்தொகுப்புகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். கோலத்துக்குள் அவ்வளவு ஒழுங்கு இருக்கும்போது நாம் ஏன் யானைப் படத்தைத் தேடிப் போக வேண்டும்?

பலகைத்தொழில்: அம்மா, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனால் பலகை எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் இதை ஏற்க முடியவில்லை. குடிநீர் எங்கே, கழிப்பறை எங்கே என்று கூட்டத்துக்குள் தேடிவரும் முதியவருக்குத் தூரத்திலிருந்தே எழுத்து தெரிய வேண்டும். சிக்குக் கோலத்தின் கோடு எழுத்தைச் சுற்றி வளைந்தால் ‘ண’ எது, வளைவு எது என்று பிரித்தறிய முடியாது. பானையும் கரும்பும் வரைந்தால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பொங்கல் என்று புரியும். புள்ளிச் சட்டகம் யாருக்குப் புரியும்?

வாசற்படி: எழுத்தைச் சுற்றிக் கோடு வரக் கூடாது என்பதை ஏற்கிறேன், ஐயா. பலகையில் எழுத்து தனியாக நிற்கட்டும். கோலம் ஒரு ஓரத்தோடு நின்றுகொள்ளட்டும். ஆனால் பானையையும் கரும்பையும் நான் விலக்கவில்லை. பொங்கலன்று வாசலில் புள்ளி வைத்துத்தானே பொங்கல் பானைக் கோலம் போடுகிறோம்? எல்லாச் சின்னங்களையும் அதே புள்ளிகளின்மேல் வரைந்தால், தனித்தனியே பார்த்தாலும் ஒரே கை போட்டதாகத் தெரியும்.

செம்மண்கரை: இருவருமே கோட்டைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், எனக்கு மாவும் தரையும்தான் முக்கியம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு விழும்போது, வளைவில் கை தயங்கும் இடத்தில் கோடு சற்றுத் தடிக்கும், நேராக ஓடும் இடத்தில் மெலியும். கணினியில் ஒரே தடிமனில் இழுத்த கோட்டில் அந்தத் தயக்கம் இல்லாததால், அது கம்பி வேலி போல நிற்கிறது. சாணம் தெளித்த ஈரத் தரையின் நிறம், அரிசி மாவின் வெள்ளை, கரைகட்டிய காவி ஆகிய மூன்று நிறங்களே போதும். கலர் பொடியின் பன்னிரண்டு வண்ணங்களும் வந்தால் மீண்டும் துணிக்கடைக்கே போய்ச் சேருவோம்.

பலகைத்தொழில்: மூன்று நிறம் என்பது எனக்குச் சம்மதம், காவி மேல் வெள்ளை எழுத்து தூரத்திலும் துலங்கும். ஆனால் இவ்வளவு பேசிவிட்டு அந்தக் கோலத்தைப் பிளாஸ்டிக் பதாகையில் அச்சடித்து ஒரு மாதம் தொங்கவிடுவதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். அன்றன்று அழிந்து மறுநாள் புதிதாகப் பிறப்பதுதானே கோலம்? பலகையை நான் எழுதித் தருகிறேன். நுழைவாயில் கோலத்தை விழாவின் ஒவ்வொரு நாள் காலையிலும் நம் வீட்டுப் பெண்களும் ஆண்களும் தரையில் போடட்டும்.

வாசற்படி: போடுகிறோம், ஐயா. முதல் நாளுக்கு 15-8 ஊடுபுள்ளியை நானே எடுத்துக்கொள்கிறேன். வாசலில் பத்தடி இடம் மட்டும் ஒதுக்கித் தாருங்கள்.